பெயர் போடாத செய்தி

கோத்தன்பர்க்,
மே 20

அன்புள்ள எஸ்கில் அண்ணாவுக்கு,

தங்கை இல்வா எழுதுவது. நானும் என் குட்டிப்பெண் டின்ட்ராவும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கேட்காதே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தப் பாழாய்ப்போன நாற்காலியை மாற்றினாயா இல்லையா?

காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். கைபேசியைத் திறந்தால் நிமிஷத்துக்கு ஐந்து வசவு. நம்பரை மாற்றினேன், மூன்றாம் நாள் புது நம்பருக்கும் வந்துவிட்டார்கள். தபால்காரரை மட்டும்தான் இன்னும் யாரும் கைப்பற்றவில்லை. அவரும் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வருகிறார், போகட்டும்.

உங்கள் செய்தித் தளத்தில் அந்தச் செய்தி வந்த ஒன்பதாம் தேதியிலிருந்து இதே கதைதான். உன்மேல் கோபமில்லை. "செய்திப் பிரிவு" என்றுதான் போட்டிருந்தது, உன் பெயர் இல்லை. ஆனால் நீ செய்தி ஆசிரியன். உன் கண்ணில் படாமலா போயிருக்கும்? பட்டவுடன் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அம்மா அப்பா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான். அவ்வளவுதான் என் ஆதங்கம்.

அது நாங்கள் பத்துப் பேர் வேலைக்கு நடுவில் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் அரட்டைப் பக்கம். ஈஸ்டர் வரை ஏழு வாரமாக ஞாயிறு கூட லீவு இல்லாமல் ஸ்டுடியோவில் கிடந்தோம். "பனிவாயில்" கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் கேப்டன் வார்கோ சாகவேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. நான் வசனம் எழுதுபவள், எழுதிக் கொடுத்தேன். "இந்தாளு செத்தாத்தான் எனக்கு லீவு. சீக்கிரம் சாவுடா சாமி" என்று அரட்டையில் ஒரு வரி போட்டேன். அதைத் தூக்கித் தலைப்பாக்கிவிட்டார்கள். பத்து வருஷமாக வார்கோவாக விளையாடியவர்கள் சும்மா இருப்பார்களா? பெயர் போடவில்லையாம், "கோத்தன்பர்க் ஸ்டுடியோவின் பெண் வசனகர்த்தா" என்று மட்டும்தான் போட்டார்களாம். எங்களிடம் வசனகர்த்தாக்கள் இரண்டே பேர். ஒருவர் தாடி வைத்திருக்கிறார்.

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். பெயர் கிடைத்தால் இந்த நாட்டில் வேறென்ன வேண்டும்? தெரு, மாடி, கதவு எண், பிறந்தநாள், கூட யார் இருக்கிறார்கள் என்பது வரை வலையில் கிடக்கிறது. நாய் வளர்த்திருந்தால் நாயையும் போட்டிருப்பார்கள். அன்று சாயங்காலம் நான் கேட்காமலே பதினொரு பீட்சா வந்தது. பாவம், பீட்சாக்கடைக்காரர் வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு யாரும்மா இப்படி வேண்டாதவங்க? முதல்ல கதவுல இருக்கிற பேரக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். கதவில் பெயர் இல்லாததால் தபால் வரவில்லை. மறுபடி ஒட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அரட்டையை உங்களிடம் கொடுத்தது யார்? பத்துப் பேரில் ஒருத்தன்தான். தெரிந்தால் பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்துப் பயப்படாமல் வேலை செய்யலாம். சொல்லு அண்ணா.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இல்வா

*

ஸ்டாக்ஹோம்,
ஜூன் 2

அன்புத் தங்கை இல்வாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம், முதுகும் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர இங்கே வேறு நினைப்பில்லை. உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். நாலு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

நீ கேட்டதை என்னால் சொல்ல முடியாது. செய்தி கொடுத்தவரின் பெயரை வெளியே சொன்னால் எங்களைச் சிறையில் போடச் சட்டம் இருக்கிறது, உனக்கே தெரியும். தங்கையாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

அந்தச் செய்தியின் நோக்கம் நீ இல்லை என்பதை மட்டும் நம்பு. உங்களை மாடு மாதிரி வேலை வாங்குகிறார்களே, அதுதான் செய்தியாக இருந்தது. ஏழாவது பத்தியிலிருந்து படித்துப் பார்த்தால் தெரியும். தலைப்பு எப்படியோ அப்படி அமைந்துவிட்டது.

கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கிறீர்களா? டின்ட்ராவுக்கு அந்தச் சின்ன அறையைக் காலி செய்து தருகிறேன். அவளுக்கு முன்பல் விழுந்ததா?

அன்புடன்,
எஸ்கில்

*

கோத்தன்பர்க்,
ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருக்கிறோம். டின்ட்ராவுக்குப் பல் விழுந்துவிட்டது. டாக்கோ ரொட்டியைக் கடிக்கும்போது விழுந்ததை அப்படியே விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் அழுதாள். உனக்கு முதுகு சரியானது சந்தோஷம்.

ஏழாவது பத்தியாம்! ஏழாவது பத்தி வரை எவன் அண்ணா படிக்கிறான்? தலைப்பைப் படித்துவிட்டு என் வீட்டுக் கதவின் படத்தை அல்லவா எனக்கே அனுப்புகிறார்கள். போன திங்கள் வந்த படத்தில் டின்ட்ராவின் சிவப்பு ரப்பர் பூட்ஸ் வாசலில் இருந்தது. அன்று காலைதான் அதை வெளியே வைத்தேன். அப்போதிலிருந்து சாமானெல்லாம் உள்ளேதான். படியில் காலடி கேட்டால் அவள் வாயைப் பொத்துகிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் பொத்துகிறேன்.

ஸ்டுடியோ எனக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் என்று நினைத்தால், அவர்கள் திருடனைத் தேடுகிறார்கள். எங்கள் எல்லாருடைய கணினியையும் வாங்கி, ஒரு வருஷத்துத் தனிப்பட்ட செய்தியெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். யார் யாரைக் காதலிக்கிறான், யார் மாத்திரை சாப்பிடுகிறான், எல்லாம். வியாழன் காப்பி வேளையில் பணியாளர் பிரிவு பெர்னில்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இலவங்கப்பட்டை பன் வேறு எடுத்து வைத்தாள்.

"பயப்படாதே இல்வா, நீ பாதிக்கப்பட்டவ. உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எனக்கு யாரையும் தெரியாது."

"ஃபொல்கே உன் பக்கத்துலதானே உக்காரறான்? வேற கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கான், நாங்க படிச்சோம். நீ அந்த வரியை எழுதினப்ப அவன் உன் திரையைப் பார்த்தானா?"

பார்த்தான் அண்ணா. பார்த்துச் சிரித்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் கேட்டாள், போட்டேன். ஆனால் அவன்தான் என்றால், பார்த்துவிட்டு எப்படி அண்ணா சிரித்திருப்பான்? அதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

உன்னிடம் வரலாம்தான். ஆனால் உன் முகவரியும் என் பெயரோடு சேர்ந்தே வலையில் கிடக்கிறது.

சாப்பாட்டைத் தவறவிடாதே.

இல்வா

*

ஸ்டாக்ஹோம்,
ஜூன் 30

அன்பு இல்வா,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். நள்கோடை விழாவுக்கு நீங்கள் இல்லாமல் ஊறுகாய் மீனை வாங்கி வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன். பாதிக்குமேல் இறங்கவில்லை.

ஃபொல்கே விஷயத்தில் அவசரப்படாதே. அவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? பார்த்தவனெல்லாம் கொடுத்தவன் ஆகிவிடுவானா? அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று தொழிற்சங்கத்தில் கேள். தயவுசெய்து கேள்.

வேறு எழுத ஒன்றுமில்லை. டின்ட்ராவுக்கு முத்தம்.

எஸ்கில்

*

கோத்தன்பர்க்,
ஜூலை 12

அண்ணா,

இன்று நலம் விசாரிக்கத் தெம்பில்லை. நீ நன்றாக இரு, அது போதும்.

நேற்று என் பிறந்தநாள். மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. டின்ட்ரா அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், என் அதிர்ஷ்டம். மணி அடித்தது. நீ பூ அனுப்பியிருப்பாய் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேக் பெட்டி.

"இல்வாதானே? பிறந்தநாள் வாழ்த்துகள்மா."

"நீங்க யாரு?"

"வார்கோவோட பழைய கூட்டாளின்னு வச்சுக்கயேன். முப்பத்தேழு ஆச்சு, இல்ல? மூணு மாடி ஏறறதுக்குள்ள எனக்குத்தான் மூச்சு வாங்குது."

"தயவுசெஞ்சு போயிடுங்க."

"போறேன் போறேன், உன்கிட்ட சண்டைக்கா வந்தேன்? ஸ்ட்ராபெரி கேக், பாப்பாவுக்குப் பிடிக்கும்னு வாங்கினேன். செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்குத்தானே அவளைக் கூட்டிட்டு வருவே? இன்னிக்கு வீட்ல இருப்பான்னு நெனச்சேன்."

பெட்டியை மிதியடியில் வைத்துவிட்டு, படியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார். கத்தவில்லை, திட்டவில்லை. எனக்குக் கதவைச் சாத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

போலீசில் ஒரு பெண் அதிகாரி கேட்டாள்: "மிரட்டினாரா?" இல்லை. "தொட்டாரா?" இல்லை. "கேக் குடுத்தாரா?" ஆமாம். அவள் பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "கேக் குடுக்கிறத நான் எந்தச் சட்டத்துல எழுதட்டும், சொல்லுங்க. ஆனா உங்க இடத்துல நான் இருந்தா இந்த வாரமே ஊரைவிட்டுப் போயிடுவேன்" என்றாள். நல்லவள். கூடவே உட்கார்ந்து, எங்கள் முகவரியை மறைக்கும் மனுவை எழுதிக் கொடுத்தாள். மக்கள் பதிவேட்டை வைத்திருக்கும் வரி அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டால் ஏட்டில் எங்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. அந்த மனிதருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

கடிதம் எழுதுவதானால் உறைக்குள் உறை. உள்ளே உள்ளதில் என் பெயர், வெளியே உள்ளதில் வரி அலுவலகத்தின் முகவரி. அவர்கள் எங்களைத் தேடிச் சேர்ப்பார்கள். நாளாகும். ஆனால் உன்னைத் தவிர இந்த வழியை யாருக்கும் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது அண்ணா. வேறொன்றும் இல்லை, பயமாக இருக்கிறது.

இல்வா

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். இந்த முறை பொய்யில்லை. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரி அலுவலகத்து மேஜையில் தூங்குகிறதா, நீயே தூங்குகிறாயா?

எங்கே இருக்கிறோம் என்று எழுதக்கூடாது. ஆனால் எழுதித் தின்கிற கை, சும்மா இருக்குமா? ஊர்ப் பெயர் இல்லாமல் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு வர மஞ்சள் படகில் ஐந்து நிமிஷம். மொத்தம் ஒரு கடை, அதுவும் செவ்வாய்க்கிழமை மூடிவிடுவார்கள். தேவாலய வாசலில் ஒரு பெரிய நங்கூரத்துக்கு நீலச் சாயம் அடித்து வைத்திருக்கிறார்கள். ஏன் நீலம் என்று கேட்டால் "அன்னிக்கு அதுதான் மிச்சமிருந்துச்சு" என்கிறாள் கடைக்கார மாய்லிஸ். எனக்கு இங்கே கரின் என்று பெயர். டின்ட்ராவுக்கும் புதுப் பெயர், அவளே வைத்துக்கொண்டாள், இளவரசிப் பெயர். நேற்று அவள் என் கையை விட்டுவிட்டு நங்கூரம்வரை தனியாக ஓடிப்போய் வந்தாள். நான் அவள் வாயைப் பொத்தவில்லை, பின்னாலேயே ஓடவில்லை. இருபது அடிதான். நின்று பார்த்தேன்.

ஃபொல்கேவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். என் கையெழுத்துதான் ஆதாரமாம். செய்தவன் அனுபவிக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

ஏன் எழுதமாட்டேன் என்கிறாய்? எழுது. உன் கிறுக்கல் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி பயம் போய்விடும்.

உன் தங்கை,
இல்வா (கரின் இல்லை)

*

ஸ்டாக்ஹோம்,
செப்டம்பர் 25

அன்பு இல்வா,

நலம் என்று எழுதினால் பொய்யாகும். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு நல்ல இடம் அமைந்ததில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. நங்கூரம்வரை ஓடியதைப் பத்துத் தடவை படித்தேன்.

ஃபொல்கே போன செய்திக்குப் பிறகு அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். ஈஸ்டருக்கு நீங்கள் இங்கே வந்திருந்தீர்களே, சனிக்கிழமை காலை சமையலறைக் கணினியில் ஏதோ ஆபீஸ் வேலை என்று நீ உட்கார்ந்தாய், அப்போது டின்ட்ரா ஈஸ்டர் மிட்டாய் முட்டையைத் தேடப் போகலாம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தாள், நினைவிருக்கிறதா? அன்று முட்டையைக் குடைக்குள் ஒளித்து வைத்தது நான்தான். அவள் கண்டுபிடிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கடிதம் கையில் இருக்கும்போதே கிழிக்காமல் போட்டுவிடுகிறேன்.

எஸ்கில்

*

ஸ்டாக்ஹோம்,
அக்டோபர் 12

இல்வா,

நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும். இதை உட்கார்ந்து படி.

அரட்டையை எடுத்தது ஃபொல்கே இல்லை. நான். செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று சட்டத்தைக் காட்டினேனே, கொடுத்தவனும் நான், வாங்கினவனும் நான்.

ஈஸ்டரில் நீ அந்தப் பக்கத்தை மூடாமல் போய்விட்டாய். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு கணினியைத் திறந்தேன், அப்படியே இருந்தது. மூடியிருக்கவேண்டும். படித்தேன். மூன்று நாள் படித்தேன். உங்களில் ஒருத்தி கழிவறையில் மயங்கி விழுந்ததும், ஒருவன் பிள்ளையின் பிறந்தநாளைப் போனில் பார்த்ததும் அதில் இருந்தது. இதை ஊர் அறியவேண்டும் என்று நினைத்தேன், அது பொய்யில்லை. உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. படம் எடுத்து எழுதிக் கொடுத்தேன். தலைப்பை மாற்றியது எங்கள் தலைமை ஆசிரியர் ஹாம்பஸ். போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். "பேரே போடலையே எஸ்கில், அப்புறம் என்ன?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் உன் வாசலில் ஆள் வந்து நின்றான்.

இனி மறைக்க முடியாது. ஃபொல்கேவுக்காகவாவது எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் பெயரிலேயே கட்டுரை வருகிறது. "மனசுல இருக்கறத அப்படியே எழுது, வாசகருங்க மன்னிச்சிடுவாங்க" என்றார் ஹாம்பஸ். நீ பட்ட பாடு ஊருக்குப் புரியவேண்டும் என்று உன் கடிதத்திலிருந்து நாலு வரி எடுத்துப் போட்டிருக்கிறேன். பயப்படாதே. உன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை.

கட்டுரைக்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போடுகிறேன்.

உன் அண்ணன்,
எஸ்கில்

*

அக்டோபர் 19

எஸ்கில்,

உன் கடிதம் ஏதாவது வழியில் வந்துகொண்டிருக்கலாம். எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது மாய்லிஸின் கைபேசியில்.

புதன்கிழமை காலை பால் வாங்கப் போனோம். மாய்லிஸ் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு ஓடிவந்து, எங்கள் இருவரையும் பின்னறைக்குள் தள்ளினாள். மீன் வாளிகளுக்கு நடுவே நிற்க வைத்தாள்.

"முதல் படகுல ரெண்டு பேர் வந்திருக்கானுங்கடி. ஒரு பொம்பளையும் சின்னப் பொண்ணும் இங்க இருக்காங்களான்னு கேட்டானுங்க. ஆகஸ்ட்லயே போயிட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நம்பினானுங்களான்னு தெரியல. நங்கூரத்துகிட்ட நின்னு படம் புடிச்சிக்கிட்டிருக்கானுங்க."

"என்னை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"இத நீ பாக்கலையா? ஊரே இதத்தான் படிச்சுக்கிட்டிருக்கு."

உன் படம் போட்டிருந்தது. அழகாகத்தான் இருக்கிறாய், சோகமாக. அந்த வாளிகளுக்கு நடுவே நின்று முழுசாகப் படித்தேன். கணினியை மூடாமல் போனதை, என் அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து படித்ததை, நாலு லட்சம் பேரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். மஞ்சள் படகு, ஐந்து நிமிஷம், செவ்வாய் மூடும் கடை, நீல நங்கூரம். எல்லாம் என் வார்த்தை, மேற்கோள் குறிக்குள். ஊர்ப் பெயர் போடவில்லை என்று உனக்குப் பெருமை இருக்கும். கீழே பின்னூட்டத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் நீல நங்கூரம் வைத்த தேவாலயம் ஒன்றே ஒன்றுதான். நாற்பது நிமிஷம் ஆனதாம்.

வாசகர்கள் மன்னித்துவிட்டார்கள் எஸ்கில். முந்நூறு பேர் உன் துணிச்சலைப் பாராட்டியிருக்கிறார்கள். என்னிடம் சொல்ல அஞ்சு மாசமாக வாய் வராதவனுக்கு ஊரிடம் சொல்ல வாய் வந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது, மேய்ந்துவிட்டு அதைப் பற்றி நல்ல பாட்டு மாதிரி கட்டுரையும் எழுதியது என்று சொன்னால் தப்பா?

டின்ட்ரா கேட்டாள், "ஒளிஞ்சு விளையாடறோமாம்மா?"

"ஆமா. சத்தம் போடாதே."

"யாரு நம்மளைத் தேடறாங்க?"

தெரியவில்லை என்றேன். "தெரியாதவங்க தேடினா அது விளையாட்டு இல்லம்மா" என்றாள். ஆறு வயது. அவளே என் வாயைப் பொத்தினாள், நான் அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று. அப்படியே மத்தியானம்வரை நின்றோம், கடைசியில் மாய்லிஸின் மகன் மீன் வண்டியில் எங்களை ஏற்றிப் படகில் அக்கரை சேர்த்துவிட்டான். துணிமணி எதையும் எடுக்கவில்லை.

ஃபொல்கேவுக்கு என்ன பதில் சொல்வேன்? அவன் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டேன், நீ வேடிக்கை பார்த்தாய்.

இனிமேல் நான் எதையும் வெளியே வைக்கப்போவதில்லை. உன் முன்னாலும்.

இல்வா

*

ஸ்டாக்ஹோம்,
நவம்பர் 6

இல்வா, கண்ணே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நீ சொன்னது எல்லாம் சரி. கட்டுரையை அன்றே எடுக்கச் சொன்னேன், ஹாம்பஸ் இரண்டு நாள் தயங்கித்தான் எடுத்தார். நல்லா ஓடுகிறது என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் ஸ்டுடியோவுக்கும் கடிதம் போட்டு, எடுத்தது நான் என்று கையெழுத்திட்டேன். ஃபொல்கேவை நேரில் பார்க்க கோத்தன்பர்க் போனேன். திரும்ப வேலைக்கு அழைத்தார்களாம், போகவில்லையாம். தன் தனிப்பட்ட செய்தியை எல்லாம் படித்தவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றான். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, "இல்வா மேல கோவமில்ல, பயத்துல சொல்லிட்டா. நீ எந்தப் பயத்துலடா சொல்லாம இருந்தே?" என்று கேட்டான்.

நல்ல வார்த்தையைக் கண்டால் எடுத்துப் போட்டுவிடுகிற பழக்கம் எனக்கு. உன் கடிதத்தில் அந்த நங்கூரத்தைப் படித்தபோது, இது இருந்தால் கட்டுரை உயிரோடு இருக்கும் என்று நினைத்தேன். உன் உயிரை நினைக்கவில்லை.

மன்னிப்பாயா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. டின்ட்ரா என்ன செய்கிறாள், என்ன பேசுகிறாள், ஒன்றே ஒன்று.

உன் அண்ணன்

*

டிசம்பர்

அண்ணா,

இருக்கிறோம். இரண்டு பேருக்கும் உடம்பு நலம். உனக்கும் நலமாக இருக்கட்டும்.

உன் கடிதங்கள் தாமதமாக, முன்பின்னாக, எல்லாம் வந்துசேர்ந்தன. கட்டுரைக்கு முன்னால் வரவேண்டியதும் வந்தது. ஃபொல்கேவுக்கு நானும் எழுதிவிட்டேன்.

மன்னிப்பாயா என்று கேட்கிறாய். கோபம் குறைந்துவிட்டது, நிஜமாகத்தான் சொல்கிறேன். பயம்தான் குறையவில்லை. அந்த மனிதர் கேக் பெட்டியோடு நின்றதை நினைத்தால் என் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளுமோ, இப்போது உன் கையெழுத்தைப் பார்த்தாலும் அப்படியே அடித்துக்கொள்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை அண்ணா. தானாக வருகிறது. போகும் என்று நினைக்கிறேன், எப்போது என்று தெரியாது.

நீ எழுது. வந்தால் படிக்கிறேன். நானும் மாதம் ஒரு கடிதம் போடுவேன், இருக்கிறோம் என்று இருக்கும்.

நேற்று டின்ட்ரா ஜன்னலருகே நின்று ஒன்று சொன்னாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், எத்தனை மாதத்துக்கு அப்புறம். "மாமாவுக்கு எழுதும்மா, மாமா ரொம்ப சிரிப்பாரு" என்றாள். உடனே எழுத உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் ஒரு பறவையின் பெயர் வருகிறது. அந்தப் பறவை குளிர்காலத்தில் எங்கெங்கே தங்கும் என்று யாருக்காவது தெரிந்திருக்கும்.

எழுதவில்லை. "எழுதிட்டியா?" என்று இப்போது வந்து கேட்டாள். எழுதிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தங்கை